ஓடாத பிரஸ்ஸின் சத்தம்

சத்தம் அளக்கும் மீட்டரில், நாற்பதைத் தாண்டக் கூடாத எண் தொண்ணூற்றெட்டில் நின்றது.

விடுமுறை நாள். பிரஸ்ஸில் இரும்புத் தகடு அடிக்கும் அந்தக் கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து அவளே பூட்டு போட்டிருந்தாள். ஆலை ஆலையாகப் போய்ச் சத்தம் அளப்பதுதான் அவள் பிழைப்பு. எல்லாம் அடங்கியிருக்கும்போது ஒருமுறை, பிரஸ் ஓடும்போது ஒருமுறை. ஆனால் இங்கே வலியக் கேட்டு வந்தது, இங்கே வேலை பார்க்கும் தம்பிக்காக. கையில் எண் இருந்தால், பிரஸ்ஸைச் சுற்றிச் சத்தம் அடைக்கும் கூண்டு போடாமல் முதலாளி மழுப்ப முடியாது. போடாவிட்டால் தம்பிக்கு மிச்சமிருக்கும் காதும் போய்விடும்.

அவன் தன் பிரஸ்ஸின் முன்னால், வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"மீட்டர் மக்கர் பண்ணுதுடா." அவன் திரும்பவே இல்லை. "டேய், செவிடா!"

"என்னக்கா? பிரஸ் ஓடுறப்ப பேசினா எப்படிக் கேக்கும்?"

"எந்தப் பிரஸ்ஸுடா ஓடுது? விளையாடாதே, அடி வாங்குவே."

அவன் சிரிக்கவில்லை. அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தான்.

சோதனைக் கருவியை மீட்டரில் செருகிப் பார்த்தாள். மீட்டரில் குறையே இல்லை. அதைக் கை நீட்டிப் பிடித்தபடி, பழைய எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாடைக்குள், வெயிலில் முறுகி நெட்டி முறிக்கும் கூரைத் தகடுகளின் கீழே, தன் செருப்பின் உரசல் சுவரில் மோதித் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு மெல்ல நடந்தாள். எண் இறங்கியது. வாசலில் நாற்பது. அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்தாள். ஏறியது. பிரஸ்ஸைத் தொட்டாள். சில்லென்று கிடந்தது. மீட்டரை அதன் பக்கம் காட்டினாள். இறங்கியது. தம்பியின் பக்கம் காட்டினாள்.

ஏறியது.

அவன் காதருகே கொண்டுபோனாள். நூற்றுப் பத்து. அடுத்த காது. அதே எண். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அவன் மடியிலிருந்த பாட்டிலில் தண்ணீர் விட்டுவிட்டு அதிர்ந்தது.

"வீட்லயும் இப்படித்தான்க்கா," என்றான். "எல்லாருக்கும் கேக்குதுன்னு நெனச்சேன்."

அவள் மீட்டரை அவன் மடியில் வைத்தாள். காதுக்கவசத்தை எடுத்து அவன் தலையில் மாட்டி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். எண் இறங்கியது. எண்பது. அறுபது. நாற்பது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. டாக்டர்கிட்ட போலாம். ஒண்ணுமில்ல."

கைக்குக் கீழே கவசம் இடித்தது. உள்ளிருந்து. மறுபடி. இன்னும் பலமாக.

அவன் கண்கள் பெரிதாயின. கன்னம் அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முடியவில்லை. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தான்.

கூடம் முழுக்கப் பிரஸ் அடித்தது.

அவனுக்குப் பின்னால் மெஷின் அசையாமல் நின்றது. அவன் உதடுகள் அக்கா, அக்கா என்றே அசைந்தன. ஒவ்வொரு முறையும் இரும்பின்மேல் இரும்பு விழுந்தது.