நூற்றிருபது வாய்கள்

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு நூற்றிருபது டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்துவிட்டதாக மேடை நிர்வாகி யுன்ஜு சொன்னபோது, க்வாக் இன்சோப்புக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் நடிக்கும் நாட்களில் அறுபது தாண்டினாலே அதிகம்.

"சரியாப் பாத்தியா?"

"நாலு தடவை பாத்துட்டேன் சார். நேத்து ஒரே மணி நேரத்துல எல்லாம் போயிருக்கு. நாடகம் நல்லாப் போகணும்னு முதல் நாள் பூஜையில பன்றித் தலை வச்சு நீங்க விழுந்து கும்பிட்டீங்களே, அது இப்பத்தான் பலிக்குது போல."

அவர் சிரிக்கவில்லை.

சியோலின் நாடகத் தெருவில், நூடுல்ஸ் கடை ஒன்றுக்குக் கீழே இருந்தது அந்த நிலவறை அரங்கம். பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, இயக்கி, நாயகனாகவும் நடிப்பது இன்சோப்தான். இருபத்தாறு வருடங்களாக அப்படித்தான். அந்த ஊர் வழக்கப்படி நாயகன் வேடத்தில் இரண்டு பேர் நாள் மாற்றி நாள் நடித்தார்கள். மற்றவன் பியோ சுங்வுன், முப்பது வயது. அவன் நாட்களில் ஊசி விழ இடமிருக்காது. போன வியாழக்கிழமை, அவனுக்குத் தொண்டை போய்விட்டதென்று அறிவித்துவிட்டு, வாசல் பலகையிலிருந்த அவன் படத்தைத் தன் கையாலேயே கழற்றி எறிந்தார் இன்சோப். அவன் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நாடகத்தை ஐம்பது தடவை வந்து பார்க்கும் ரசிகைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 'சுழல்கதவுக் கூட்டம்' என்று அந்தத் தெருவில் அவர்களுக்குப் பெயர்.

படிக்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்று, இறங்கி வந்த ரசிகைகளின் பேச்சைக் கேட்டார்.

"எனக்கு இது அறுபத்திமூணாவது தடவை அக்கா."

"சுங்வுன் பாடினா அழுகை வரும். இந்தக் கிழவரு பாடினா இருமல்தான்டி வருது."

"அதான் இன்னிக்கு யாரும் இருமக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோமே."

வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இன்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டாவிட்டால் திங்கட்கிழமையே பியோவைத் திரும்ப அழைத்துவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். அப்புறம் இன்சோப்புக்கு மேடையே இல்லை. அதற்காகத்தான் விடியற்காலையில் உட்கார்ந்து, மூன்று சரணத்தில் புதிதாக ஒரு கடைசிப் பாட்டை எழுதியிருந்தார். முனகிக்கூடப் பார்க்கவில்லை. காகிதத்தைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டார். கடைசிக் காட்சியில் பியானோ முன்னால் அவர் மட்டும்தான். உலகத்தில் இன்னொரு ஜீவனுக்கு அந்தப் பாட்டு தெரியாது.

காட்சி தொடங்கியது. விளக்குகளின் சூட்டில் கருகும் தூசியின் வாடை, சுவருக்குள் எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், மேலே நூடுல்ஸ் கடையில் நாற்காலி இழுபடும் கிறீச்சொலி எல்லாம் வழக்கம்போல் இருந்தன. ஆனால் எதிரே இருட்டில் கனத்த குளிர்கோட்டுகளோடு உட்கார்ந்திருந்த நூற்றிருபது பேரிடமிருந்து ஒரு சரசரப்பு, ஒரு செருமல், ஒரு பெருமூச்சுகூட வரவில்லை. முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. இரண்டாவது. இல்லை. வேண்டுமென்றே செய்கிறார்கள்.

முன் வரிசையில் சாம்பல் நிறக் கழுத்துத் துணி சுற்றிய ஒருத்தி, பாட்டோடு சேர்ந்து சத்தமில்லாமல் உதடசைத்துக்கொண்டிருந்தாள். அது புதிதில்லை. சுழல்கதவுக் கூட்டத்துக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

கடைசிக் காட்சி. பியானோ முன் அமர்ந்து, புதிய பாட்டின் முதல் வரியைப் பாடினார்.

அவள் உதடுகள் அசைந்தன.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அதுவும் அவள் வாயில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் வாயிலும். அந்த வரிசை முழுக்க. அவருக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு மூச்சு முன்னால்.

மூன்றாவது வரியில் 'வீட்டு விளக்கு' வரவேண்டும். சட்டென்று மாற்றி 'வீட்டுக் கிணறு' என்று பாட நினைத்தார். நினைக்க மட்டும்தான் செய்தார். அதற்குள் எல்லா வாய்களும் கிணறு என்று அசைந்து முடித்திருந்தன.

பார்வையாளர்களுக்குப் பின்னால் இருந்த விளக்கு அறையின் கண்ணாடியைப் பார்த்தார். யுன்ஜு பொத்தான்களின் மேல் கை வைத்து நின்றிருந்தாள். விளக்கை அணைக்கச் சொல்லி அவர் தலையை ஆட்டினார். அவள் பார்த்தாள். அவள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

எழுந்து ஓடிவிட வேண்டும். கால்கள் எழவில்லை. விரல்கள் கட்டைகளை விடவில்லை.

பாடுவதை நிறுத்தினார்.

அவர்களும் நிறுத்தினார்கள். நூற்றிருபது வாய்களும் ஒரே நேரத்தில் மூடின. முன் வரிசைக்காரி கழுத்துத் துணியை மெல்லத் தளர்த்திக்கொண்டாள். மற்றவர்களும் கோட்டுக் காலரை.

இப்போது பாடிவிடலாம். தனியாக. அவருடைய பாட்டு. வாயைத் திறந்தார்.

காற்று மட்டும் வந்தது.

திரும்ப முயன்றார். தொண்டையில் நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை.

எதிரே எல்லா வாய்களும் திறந்தன. இந்தத் தடவை சத்தம் வந்தது. ஒரே குரல். அவருடைய குரல். உச்சத்துக்குப் போகும்போது லேசாகப் பிசிறும் அதே குரல், நூற்றிருபது தொண்டைகளிலிருந்து, நிலவறைச் சுவர்கள் அதிர அதிர.

அவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அந்தப் பாட்டோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

மூன்றாவது சரணம் முடிந்தது. அவர் எழுதியது அவ்வளவுதான்.

அவர்கள் நான்காவது சரணத்தைத் தொடங்கினார்கள். விரல்களுக்கு அது தெரிந்திருந்தது.