இரண்டாவது மானிட்டரில் ரத்தம்

மானிட்டர் கண்ணாடியில் ஒரு கொத்து முடி ஒட்டியிருந்தது.

வேரோடு... ரத்தத்தோடு!

வேணி டூல் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவள். எறும்பு குடியேறிய சிபியூ, எலி கடித்த கேபிள் எல்லாம் பார்த்திருக்கிறாள்.

இது புதிது.

"ரெண்டு மானிட்டர்ல ஒண்ணு வரல. அதான் போன் பண்ணேன்," என்றான் சுதர்சன்.

அரியலூரில் சிமென்ட் லாரிகள் ஓயாமல் உறுமிப் போகும் சாலையோர வீடு. முன் அறைதான் லாரி ஆபீஸ். மேஜையில் இடப்பக்க மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. வலப்பக்கத்தது விரிசல் விட்டு இருண்டிருந்தது.

"அரியலூர்லயே ஆளுங்க இருக்காங்களே சார்?"

"உள்ளூர்க்காரன் கேள்வி கேப்பான். இப்ப நீயும் கேக்குற."

அவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

தரையைத் துணியால் துடைத்திருந்தான். துடைத்தது போதவில்லை. மேஜையடியிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் அறைக் கதவு வரை இளஞ்சிவப்பாக ஓர் இழுப்பு...

"உள்ள... யாருங்க?"

"எங்க அண்ணன் ராஜதுரை. மீன்சுருட்டி நெலத்துல எனக்குப் பங்கு கெடையாதுன்னான். தலையப் புடிச்சு இந்த மானிட்டர்லயே மோதுனேன். பேச்சு நிக்கிற வரைக்கும் மோதுனேன்." இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். "நீயும் பேச்ச நிறுத்திட்டு வேலையப் பாரு."

வேணி டூல் பையை மேஜைமேல் வைத்தாள்.

"என்ன வேலைங்க?"

மூலையில் இருந்த கேமராவைக் கத்தி முனையால் காட்டினான். "எல்லாம் அதுல பதிவாயிருக்கு. கம்ப்யூட்டரத் தூக்கிக் கெணத்துல போட்டுடலாம். ஆனா பதிவு நெட்ல ஏறிடுதாம். கேமரா சாஃப்ட்வேர்ல போய்தான் அழிக்கணும். அந்த எழவு தொறக்க மாட்டேங்குது."

வேணி ஐகானை அழுத்தினாள். கீழ்ப்பட்டையில் பெயர் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அந்த நொடியே அவளுக்கு விளங்கிவிட்டது. சாஃப்ட்வேர் திறக்கத்தான் செய்கிறது... உடைந்த திரையில் போய்த் திறக்கிறது!

ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினால் வேலை முடிந்துவிடும்.

வேலை முடிந்தால் அவளும் முடிந்தாள்!

"கொஞ்சம் நேரம் புடிக்கும்ங்க."

"ஏன்?"

"ஒடஞ்சது கண்ணாடி மட்டுந்தாங்க. பின்னாடி இருக்குற போர்டு உசுரோட இருக்கு. 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு கேபிள் வழியா கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கு. கம்ப்யூட்டரும் நம்பிடுது. உங்க அண்ணன் கேமரா படத்த வழக்கமா எந்தத் திரையில பாப்பாரு?"

"வலதுல."

"அதான். கடைசியா எங்க வச்சு மூடுனாரோ, அங்கயே போய்த் தொறக்குது."

"சரி, இந்தப் பக்கம் இழு."

"அந்தப் பக்கம் போனா மவுஸ் அம்பே கண்ணுக்குத் தெரியாதுங்களே. எதப் புடிச்சு இழுக்கறது?" செட்டிங்ஸைத் திறந்தாள். "பாருங்க, ஒண்ணு, ரெண்டுன்னு கட்டம் வருது. ஒண்ணு எதுன்னா..."

"பள்ளிக்கூடமா நடத்துற?"

அவள் பின்னந்தலையைப் பிடித்துக் கீபோர்டில் அறைந்தான்.

மூக்கெலும்பு நொறுங்கியது. எழுத்துகளின் மேல் ரத்தம் சொட்டியது. அவள் நிமிர்வதற்குள் கத்தி முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

"அடுத்தது கழுத்து. நீ நேரம் கடத்துறது எனக்குத் தெரியாதாடி?"

"பண்ணிடறேன்... பண்ணிடறேங்க."

வேணி மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். சிபியூவின் பின்புறம் தடவி, வலது மானிட்டரின் கேபிளைப் பிடித்தாள்.

கண்களை மூடிக்கொண்டு இழுத்தாள்.

இரண்டாவது திரை இனி இல்லை என்பது கம்ப்யூட்டருக்கு உறைத்தது. கேமரா படம் இடது திரைக்குத் தாவி வந்தது!

"வந்துடுச்சு," என்று சுதர்சன் மேஜைமேல் குனிந்தான்.

வேணி அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். படத்தில் இதே அறை. மேஜை முன்னால் ஒருவனின் முதுகு. அவனுக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக் கதவு மெல்லத் திறந்தது. கதவோர நிழலில் முகம் மறைந்த ஓர் உருவம்... கையில் லாரி வீல் ஸ்பேனர்!

வெளியே வரிசையாக லாரிகள் உறுமின.

சுதர்சன் சிரித்தான். "அடப்பாவி அண்ணா. பின்னால வந்து என்னைய அடிக்கப் பாத்திருக்கான், எனக்கே தெரியல. ஏய், இத அழிக்காத. மொதல்ல அடிக்க வந்தது அவன்தான்னு கோர்ட்டுல காட்டலாம்."

"சார்... ஒரு சந்தேகம்."

"என்ன?"

"உங்க அண்ணன அடிச்சப்ப என்ன சட்டை போட்டிருந்தீங்க?"

"வெள்ளை. ரத்தமாயிடுச்சுன்னு கழட்டிட்டு, ஆணியில தொங்குன அண்ணன் சட்டைய மாட்டிக்கிட்டேன். ஏன்?"

படத்தில் இருந்த முதுகில் நீலச் சட்டை.

சுதர்சன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான்.

நீலம்!

"இது ரெக்கார்டிங் இல்லீங்க. லைவ்," என்றாள் வேணி. "லைவும் கொஞ்சம் லேட்டாதான் வரும்..."

அவன் திரும்பியது பாதி.

ஸ்பேனர் காதோரம் இறங்கியது. தாடை பெயர்ந்தது. இரண்டாவது அடியில் தோள்பட்டை முறிந்து, கத்தி எகிறி விழுந்தது. சுதர்சன் மரம் சாய்வதுபோலத் தரையில் சாய்ந்தான்.

ராஜதுரை மேஜை விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். ஒரு கண் ரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"ஏம்மா... நீ யாரு?"

"மானிட்டர் பாக்க வந்தேங்க." வேணி சுதர்சனின் கழுத்தில் விரல் வைத்தாள். நாடி ஓடியது. செல்போனில் போலீஸ் எண்ணை அழுத்தினாள்.

"என் தம்பி..."

"உசுரு இருக்குங்க."

ராஜதுரை வலது திரையைப் பார்த்தார். "அது?"

"கேபிளப் புடுங்கிட்டேங்க," என்றாள் வேணி மூக்கைத் துடைத்தபடி. "இந்த வூட்டுல செத்தது அது ஒண்ணுதான்."