வியாழக்கிழமை தெற்கே சூலம்

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாள்காட்டியின் முன்னால் நின்றார்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். ஷர்மினியின் வீட்டில் அது பெரிய அதிசயம்தான். மலேசியாவில், கூலாயில் இருக்கும் அந்த வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி தொங்குகிறது. தினமும் தாளைக் கிழிப்பது ஷர்மினியின் வேலை. ராசிபலன் படிப்பது அம்மா தனலெட்சுமியின் வேலை. கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஆமை வரைவது ஆறு வயதுத் தம்பி தயாவின் வேலை.

அப்பா ரூபேந்திரனுக்கு அதில் எந்த வேலையும் கிடையாது. விடியற்காலை நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது அன்று என்ன கிழமை என்பதே அவருக்குப் பாதி மறந்திருக்கும்.

அந்த அப்பா இன்று நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பள்ளி லீவு விட்டதும் முதல் வெள்ளிக்கிழமை போலாமா?” என்று அம்மா கேட்டார். அவர் முன்னால் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் நீலக் கடல், வெள்ளை மணல், ஓலைக்கூரை போட்ட குட்டிக் குட்டி வீடுகள்.

அது மொரீசியஸ் தீவில் இருக்கும் ஒரு விடுதி. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏழெட்டு மணி நேரம் பறக்க வேண்டும். அந்தக் கடலின் படம் இரண்டு வருடமாக அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அம்மாதான்.

“வெள்ளிக்கிழமையா? மேற்கே சூலம்,” என்றார் அப்பா.

“சரி, ஞாயிற்றுக்கிழமை?”

“அன்னிக்கும் மேற்கே சூலம். மொரீசியஸ் நமக்கு மேற்கேதானே இருக்கு?”

“சனிக்கிழமை?”

“பத்து மணிக்கு ஃபிளைட். அது ராகு காலம்.”

“செவ்வாய்க்கிழமை?”

“அஷ்டமி,” என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

முந்தாநாள் இதே அப்பா, “தீவு பார்க்க ஏன் அவ்ளோ தூரம் போகணும்? மெர்சிங் போனா படகுல கொஞ்ச நேரத்துல தீவு வந்துரும்லா,” என்றார். நேற்று, “அங்க புயல் வருமாமே,” என்றார். இன்று சூலம்.

“அப்பா, மொரீசியஸ் ஆமை கங்கோங் கீரை சாப்பிடுமா?” என்று கேட்டான் தயா. அவனுக்கு அதுதான் முக்கியம். அங்கே மனிதனைவிடக் கனமான ஆமைகள் இருக்கின்றன என்று ஷர்மினி சொன்ன நாளிலிருந்து அவன் வேறெதையும் வரைவதில்லை.

அப்பா அடுத்த தாளைத் தூக்கினார். அம்மா மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் ரூமைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல கேட்க மாட்டேன். வேணாம்னா விட்டுருங்க.”

அன்று அடுப்படியில் கரண்டிக்கும் சட்டிக்கும் பெரிய சண்டை நடந்தது.

ஷர்மினிக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. அவளிடம் ‘ஏன் நோட்டு’ என்று ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. மனத்தில் ஒரு கேள்வி வந்தால் அதில் எழுதிவிடுவாள். பதில் கிடைக்கும் வரை அந்தக் கேள்வி அங்கேயே காத்திருக்கும். நேற்று வரைக்கும் அதில், ‘மொரீசியஸில் தமிழர்கள் காவடி எடுப்பார்களாமே, என்ன மொழியில் பேசிக்கொள்வார்கள்?’ என்றெல்லாம்தான் எழுதியிருந்தாள். இன்று புதிதாக ஒன்று எழுதினாள்.

‘அப்பாவுக்கு எப்போதிலிருந்து சூலம் தெரியும்?’

முதலில் சூலம் என்றால் என்ன என்று அவளுக்கே தெரிய வேண்டுமே! நாற்காலியை இழுத்துப் போட்டு நாள்காட்டியைப் படித்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குச் சூலம் என்று போட்டிருந்தது. அந்த நாளில் அந்தத் திசைக்குப் பயணம் போகக்கூடாதாம். கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் பரிகாரம் உண்டு. தயிர், பால், வெல்லம் என்று நாளுக்கு ஒன்று.

வெள்ளி மேற்கு. ஞாயிறு மேற்கு. அப்பா சொன்னது சரிதான். சனி கிழக்கு. அடுத்து வியாழனைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை, தெற்கே சூலம்.

ஷர்மினி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, பள்ளிக்கூட அட்லஸை எடுத்தாள். கூலாயில் ஒரு விரலை வைத்தாள். சிங்கப்பூரில் இன்னொரு விரலை வைத்தாள். சிங்கப்பூர் நேர் கீழே இருந்தது. கீழே என்றால் தெற்கு!

அப்பா சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஐம்பது வியாழக்கிழமை என்று வைத்தாலும் அறுநூறு தடவை சூலத்திலேயே போயிருக்கிறார். ஒரு தடவைகூட நாள்காட்டியைப் பார்த்ததில்லை.

‘காரணம் சூலம் இல்லை,’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஷர்மினியும் பக்கத்தில் உட்கார்ந்து காலுறைகளுக்கு ஜோடி தேடினாள்.

“அம்மா, அப்பா இதுக்கு முன்னால பிளேன்ல எங்க போயிருக்காங்க?”

“எங்கயும் போனதில்ல. கம்பெனில எல்லாரும் லங்காவிக்குப் பிளேன்ல போனாங்க. உங்கப்பா மட்டும் பஸ்ல போயி, அப்புறம் ஃபெரியில ஏறிப் போனாரு. பதினாலு மணி நேரம்! வழியெல்லாம் வேடிக்கை பார்க்கணுமாம்.”

“கூச்சிங்ல சித்தி கல்யாணத்துக்குப் பிளேன்லதானே போகணும்?”

“அன்னிக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல்.” அம்மா ஒரு சட்டையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். “இப்ப சூலம். நம்மகூட வரவே பிடிக்கல போல. நான்தான் ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கேன்.”

சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. அப்போது ஷர்மினிக்கு ஒன்று புரிந்துவிட்டது. பேருந்து, ஃபெரி, காய்ச்சல், சூலம் என்று நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் புரியாது?

“அம்மா, அப்பாவுக்கு...” என்று ஆரம்பித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அது அப்பாவின் ரகசியம். அதைத் தான் போட்டு உடைக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்பாவுக்கு என்ன?”

“ஒரு சாக்ஸைக் காணோம்,” என்றாள் ஷர்மினி.

வாசலில் அப்பா மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷர்மினி பஞ்சை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தாள். இருவரும் தேய்த்தார்கள்.

“அப்பா.”

“ம்?”

“வியாழக்கிழமை தெற்கே சூலமாம்பா.”

அப்பாவின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் அவருடைய செருப்பின் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

“சிங்கப்பூர் தெற்கேதானே இருக்கு?” என்றாள் ஷர்மினி.

“அதுக்குப் பரிகாரம் இருக்குலா,” என்று அப்பா தடுமாறினார். “வியாழக்கிழமைக்கு எண்ணெய். போட்டிருக்கும், பாரு.”

“நீங்க எண்ணெய் தேச்சிக்கிட்டா வேலைக்குப் போறீங்க?”

அப்பா இங்குமங்கும் பார்த்தார். பிறகு மோட்டாரைக் காட்டினார். “செயினுக்கு எண்ணெய் போடுறேனே!”

ஷர்மினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் பக்கத்தில் நகர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

“பிளேன்னா பயமா, அப்பா?”

“அலமாக்! மெல்லப் பேசு!” அப்பா வீட்டுக் கதவைப் பார்த்தார். குழாயை மூடினார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி மறைத்து என்ன பயன்?

“உயரம்னா பயமில்லம்மா,” என்றார். “சின்ன வயசுல ரெங்கம் தோட்டத்துல மர உச்சிக்கே ஏறினவன் நான். ஆனா பிளேன் என் கையில இல்லையே. ஓட்டுறவர் முகத்தக்கூடப் பார்க்க முடியாது. மோட்டார்னா பிரேக் என் கையில இருக்கும். பிளேன்ல பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது.”

சிங்கப்பூர்ப் பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே மழையிலும் இருட்டிலும் ஓட்டிப் போகிற அப்பா! அவருக்கும் பயமா? ஷர்மினி சிரிக்கவில்லை. யோசித்தாள்.

“உங்க பின்னால உட்கார்றப்ப எனக்கும் பிரேக் கிடையாதுப்பா,” என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார்.

“உங்க முகமும் தெரியாது. முதுகுதான் தெரியும். முதல் தடவ டியூசனுக்குக் கூட்டிட்டுப் போனீங்கல்ல, அப்ப ரொம்பப் பயந்தேன். பக்கத்துல பெரிய லாரி வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு உங்க பெல்ட்டப் பிடிச்சிக்கிட்டேன்.”

“ஏம்மா சொல்லல?”

“நீங்க கேட்கலயே. அப்புறம் பழகிருச்சு.”

அப்பா அவள் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது. ஷர்மினி பொறுத்துக்கொண்டாள்.

“நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன்,” என்றாள். “முதல்ல நம்ம செனாய் ஏர்போர்ட்லருந்து கோலாலம்பூருக்குப் போறோம்ல, அந்த பிளேன் ஒரு மணி நேரம்தான். நீங்க பாலத்துல ஜாம்ல நிக்கிறதவிடக் குறைச்சல். இறங்கினதும் உங்களக் கேட்பேன். முடியாதுன்னு சொன்னீங்கன்னா, அம்மாவும் தயாவும் போகட்டும். நாம பஸ் ஏறி வீட்டுக்கு வந்துரலாம்.”

“நாமன்னா?”

“நீங்களும் நானும்.”

“உனக்குக் கடல் பார்க்க வேணாமா? ஆமை?”

ஷர்மினிக்கு வேண்டும்தான். ரொம்பவே வேண்டும். ‘ஏன் நோட்டில்’ அந்தத் தீவைப் பற்றி மட்டும் இருபத்திரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. அதனால் பஞ்சை ஒரு தடவை நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“தயா பார்த்துட்டு வந்து சொல்வான்,” என்றாள். “ஆனா ஒண்ணுப்பா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நம்மகூட வர உங்களுக்குப் பிடிக்கலன்னு அம்மா நெனச்சிக்கிட்டு இருக்காங்க.”

அப்பா திடுக்கிட்டு எழுந்தார். “அப்படியா நெனச்சா?” பாதி சோப்பு நுரையோடு மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

ஷர்மினி வாசலிலேயே இருந்து மீதி நுரையைக் கழுவினாள். உள்ளே முதலில் அப்பாவின் குரல் கேட்டது. திடீரென்று அம்மா, “அதுக்குத்தானா லங்காவிக்குப் பதினாலு மணி நேரம் பஸ்ல போனீங்க!” என்றார். தொடர்ந்து ஒரு பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஷர்மினியின் மனம் லேசாகிவிட்டது.

அவள் உள்ளே வந்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்திருந்தார். “நாலு சீட்டு சேர்ந்தாப்ல இருக்கிறது ஒரு நாள்தான்,” என்றார். “வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமையா? மேற்கே...” என்று ஆரம்பித்த அப்பா, மூன்று பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

ஷர்மினி மட்டும் நாள்காட்டியிடம் போய் எதையோ படித்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் தயாவின் பையிலிருந்து அம்மா ஒரு கட்டு கங்கோங் கீரையை வெளியே எடுத்தார். “ஆமைக்கு!” என்று அழுதவனை, “அங்க போய் வாங்கலாம்டா,” என்று சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

விமானத்தில் ஷர்மினிக்குச் சன்னலோர இருக்கை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். வாரைப் பூட்டினார். அவிழ்த்தார். மறுபடியும் பூட்டினார். விமானம் நகர ஆரம்பித்ததும் அவர் கை எதையோ தேடியது.

ஷர்மினி தன் சட்டைக் கையை நீட்டினாள். “பிடிச்சிக்கோங்கப்பா.”

அப்பா பிடித்துக்கொண்டார். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்து கருப்பாக ஒரு துண்டை அவர் வாயில் போட்டாள்.

“என்னம்மா இது?”

“குலா மலாக்கா. வெள்ளிக்கிழமை மேற்கே போனா பரிகாரம் வெல்லம்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல இந்த வெல்லம்தான் இருந்துச்சு.”

விமானம் ஓடியது, எழும்பியது. ஷர்மினி கீழே பார்த்தாள். செம்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போயின. அப்பாவைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். வெல்லம் மட்டும் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. மேகத்துக்கு மேலே வந்த பிறகு ஒரு கண் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் திறந்தது. அப்பா அவளைத் தாண்டி எட்டிச் சன்னலைப் பார்த்தார்.

“அது என்ன, கடலா?” என்று கேட்டார்.

கோலாலம்பூரில் இறங்கியதும் ஷர்மினியின் சட்டைக் கை கசங்கிப்போயிருந்தது. தயாவும் அம்மாவும் முன்னால் நடந்தார்கள். ஷர்மினி நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. கேட்டுவிட்டாள்.

“அப்பா, பஸ்ஸா? பிளேனா?”

அப்பா கண்ணாடி வழியே வெளியே நின்ற பெரிய விமானத்தைப் பார்த்தார். முன்னால் போகும் அம்மாவைப் பார்த்தார். அம்மா தயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார். அப்பா ஷர்மினியிடம் திரும்பினார்.

“இன்னும் எட்டு மணி நேரம்ல?”

“ஆமாப்பா.”

“அந்த வெல்லம் எத்தனை துண்டு இருக்கு?”

“எட்டு,” என்றாள் ஷர்மினி. “மணிக்கு ஒண்ணு.”

“அப்ப வா, போலாம்,” என்றார் அப்பா.