துண்டுக்குள் கை

சுமையாவின் இடது காலுக்கு விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம். மதுரையில் ஓர் எலும்பு டாக்டர் சொன்ன விலை.

பாளையம்பட்டியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் இலியாஸ், சொன்ன விலைக்கு ஒரு கொசுவத்திகூட வாங்கியவன் இல்லை. பொருளில் குறை சொல்லியே பாதி விலையைத் தின்றுவிடுகிற குடும்பத்தில் வளர்ந்தவன். வாய் சும்மா இருக்காமல் டாக்டரிடமும், "ஒத்தக் காலுதான சார், பாத்துப் போடுங்க" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மகள் சுமையாதான் சிரித்தாள். "ரெண்டும் ஒடிஞ்சிருந்தா மொத்த வியாபாரம்னு கொறச்சிருப்பீக, என்ன அத்தா?"

மினிபஸ்ஸில் இருந்து விழுந்தவளுக்குத் தொடை எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. பத்தொன்பது வயதில் கக்கத்தில் கட்டை. நோன்புக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பிறகு செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் புரோக்கர் வீரபத்திரன் ஒரு சரக்கைப் பற்றிச் சொன்னான். திருச்சுழி தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் ஒரு பழைய பங்களா. கொழும்பில் கடை வைத்திருந்த சின்ன மீரான் ராவுத்தர் கட்டியது. அதில் ஒரு கிராமபோன், பெட்டி நிறைய இசைத்தட்டுகள். எல்லாம் வால்ட்ஸ், பாக்ஸ்டிராட். ஆணும் பெண்ணும் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, அவள் மறுகை அவன் தோளிலும், அவன் மறுகை அவள் இடுப்பிலுமாகச் சுழன்று ஆட, வெள்ளைக்காரன் காலத்து பாண்டுக்காரர்கள் வாசித்தது. சனிக்கிழமைதோறும் ஜோடியாட்டம் நடத்துகிற ஒரு சென்னை ஹோட்டல்காரர், அதற்கு நாலு லட்சம் தரத் தயாராக இருந்தார்.

பங்களா இப்போது ராவுத்தரின் பேரன் சபீருடையது. அவன் துபாயில் இருந்துகொண்டு, சாமான்களை விற்றுத் தரும்படி வீரபத்திரனிடம் சொல்லியிருந்தான். கிராமபோன் என்ன விலை பெறும் என்று அவனுக்குத் தெரியாது.

"தெரியவும் வேண்டாம் மாப்ள" என்றான் வீரபத்திரன். "காவலுக்கு வெள்ளைத்தாய்னு ஒருத்தி இருக்கா. நம்ம பேசுறத அப்படியே போன்ல துபாய்க்கு ஓதிருவா. அதனால வாயத் தொறக்காத. துண்டு போட்டுக்குவோம்."

மாட்டுச் சந்தையில் நடக்கிற வழக்கம் அது. இரண்டு பேரும் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம், அல்லது பத்தாயிரம். வாய் வேறு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். பிடித்த கையை எதிராளி முழுதாக இறுக்கினால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனோடு எந்தச் சந்தையிலும் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

இலியாஸ் வேனோடு போய் இறங்கியபோது உச்சி வெயில். கருவேல மரங்களுக்கு நிழலே இல்லை. தூரத்துக் கரிமூட்டத்தின் புகை அசையாமல் நின்றது. வாசல் கேட்டில் வெள்ளைத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டு இல்ல பாய். வெயில் தாழப் போங்க."

"நான் என்ன டிவி பாக்கவா வந்திருக்கேன்? வீரபத்திரன் வந்தாச்சா?"

"வண்டி நிக்குது" என்று வேலியோரம் நின்ற பைக்கைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ராவுத்தரு கொழும்புல இருந்து ஒருத்தியக் கூட்டியாந்தாக. அங்க ஆட்டக் கொட்டகையில சீட்டு வாங்குனவன் கூடவெல்லாம் ஆடுன பொம்பள. இங்க அவ கூட ஆட ஆளில்ல. இவுகளும் ஆடல, வெளிய விடவும் இல்ல. மத்தியானம் ஊரடங்குனதும் பாட்டப் போட்டுட்டு, ஒரு கையத் தூக்கி ஆளில்லாத தோள்ல வச்சுக்கிட்டுச் சுத்துவாளாம். சாகுற வரைக்கும்."

"விலைய ஏத்துறதுக்கு நல்ல கதை" என்று சொல்லிவிட்டு இலியாஸ் உள்ளே போனான்.

வெளிச்சத்தில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எல்லாம் கறுப்பு. வௌவால் நாற்றம். அதற்கு அடியில் இசைத்தட்டின் அரக்கு வாசனை. இன்னும் அடியில், இருக்கக் கூடாத ஒன்று: முகப்பவுடர் வாசனை.

கூடத்தில் தூசி கணுக்கால் அளவுக்கு இருந்தது. நடுவில் மட்டும் இல்லை. வட்டமாக, வழவழவென்று, வெள்ளைப் பொடி தூவிய தரை.

அதன் ஓரத்தில் நாற்காலியில் ஓர் உருவம். பக்கத்தில் கிராமபோன்.

"என்ன மாப்ள, இருட்டுல கோழி அடைகாக்குறாப்புல?" என்றான் இலியாஸ். பதில் இல்லை. வாயைத் திறக்காதே என்று சொன்னவன் அல்லவா. இலியாஸ் எதிரே குந்தி, தோளில் கிடந்த துண்டை விரித்துக் கையை உள்ளே நீட்டினான்.

ஒரு கை வந்து அதில் அமர்ந்தது.

இரண்டு விரலைப் பிடித்தான். இருபதாயிரம். அந்தக் கை அசையவில்லை. மழை, பருத்தி விலை என்று பேசிக்கொண்டே மூன்றாவது விரலைச் சேர்த்தான். புரோக்கர் கை இவ்வளவு மெத்தென்று இருக்குமா, வேலைவெட்டி செய்யாத பயல் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தக் கை அவன் கையை முழுதாக மூடி இறுக்கியது.

"முடிஞ்சுச்சு" என்றான் இலியாஸ்.

அப்போது வாசல் பக்கம் வீரபத்திரனின் குரல் கேட்டது. "ஏலே இலியாஸு, நான் கெணத்தடியில மொகங் கழுவிட்டு வாரதுக்குள்ள உள்ள போயிட்டியா?"

துண்டுக்குள் இருந்த கை விடவில்லை.

இன்னொரு கை அவன் தோளில் வந்து இறங்கியது.

கிராமபோனின் கைப்பிடியை யாரும் சுற்றவில்லை. ஊசி கீறுகிற சத்தம். பிறகு எங்கோ ஆழத்தில் பிடில்கள். மூன்று மூன்றாகத் தட்டுகிற தாளம். துண்டு கீழே விழுந்தது. அவன் கைக்குள் கண்ணுக்கு எதுவும் இல்லை, ஆனால் விரல்கள் இருந்தன. அவன் கால்கள் அவனைக் கேட்காமல் நகர்ந்தன. காதோரம் ஈரமான மூச்சு.

"ஆடுங்க" என்றது மூச்சு. "கை குடுத்தீகல்ல."

பழி இல்லாமல் தப்பிக்க வியாபாரிகளிடம் ஒரு சொல் உண்டு. விலை படிந்த பிறகு விலக வேண்டும் என்றால், எனக்கில்லை, வேறு ஒருவருக்காக வாங்குகிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய நாக்கு. மூளைக்கு முன்னால் அது புரண்டது.

"எனக்கில்லம்மா. எம் மகளுக்காகத்தான்."

சுழற்சி நின்றது.

தோளில் இருந்த கை யோசிப்பது போல ஒரு கணம் தங்கியது. பிறகு விலகிக்கொண்டது.

வீரபத்திரன் டார்ச்சோடு உள்ளே வந்தபோது வட்டத்தின் நடுவில் இலியாஸ் தனியாக நின்றிருந்தான். சட்டைத் தோளில் வெள்ளையாக ஐந்து விரல். வீரபத்திரனிடம் முப்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தான். பயந்தான்தான், ஆனால் மூன்று லட்சத்து எண்பதாயிரத்தைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிற அளவுக்குப் பயப்படவில்லை. கிராமபோனை வேனில் ஏற்றும்போது வீரபத்திரன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"ஸ்பிரிங்கே இல்லையே மாப்ள. இது பாடவே பாடாதே."

அருப்புக்கோட்டைக்குள் நுழைகையில் மனைவி ரைஹானாவிடம் இருந்து போன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வெரசா வாங்க. பிள்ள கட்டையில்லாம நிக்கிறா."

வீட்டுக் கூடத்தில் சுமையா நின்றிருக்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை பக்கவாட்டில் நீண்டு எதையோ கோத்திருந்தது. மறுகை, ஆளில்லாத இடுப்பொன்றை அணைத்திருந்தது.

"பாத்தீகளா அத்தா?" என்று முதல் சுற்றில் சிரித்தாள். "காசு மிச்சம்."

ஐந்தாறு சுற்றில் சிரிப்பு போயிற்று.

"வலிக்குது. நிக்க மாட்டேங்குது."

பாட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எலும்பு உரசுகிற சத்தம். மூன்று மூன்றாக.

அன்று வெயில் தாழ்ந்ததும் விட்டது. மறுநாள் உச்சிக்கு மறுபடியும் பிடித்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிகமாக. கட்டிப் போட்டால் கட்டிலோடு சுழன்றாள். ஓதிப் பார்த்த பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் தோளை யாரோ ஒதுக்கித் தள்ளினார்கள். ஸ்பிரிங் இல்லாத கிராமபோனையும் இசைத்தட்டுகளையும் ஹோட்டல்காரர் பேசின நாலு லட்சத்துக்கே எடுத்துக்கொள்ள, இலியாஸ் அந்தப் பணத்தை டாக்டரிடம் கட்டினான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முன்னைவிட மோசம், இந்தக் காலில் நிற்கவே முடியாது என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் அறையில் அவள் எழுந்துவிட்டாள். அசையாமல் படுக்க வைக்க முடியாதவளை அறுக்க மாட்டேன் என்று பணத்தைத் திருப்பிவிட்டார்.

இலியாஸ் பங்களாவுக்குப் போனான். உச்சி நேரத்தில், அதே நாற்காலி எதிரே குந்தி, துண்டை விரித்துக் கையை உள்ளே நீட்டினான்.

"நானே வாரேன்" என்றான். "அவள விட்ரு."

வெயில் தாழ்கிற வரை நீட்டியே இருந்தான். கை மரத்தது. யாரும் வந்து பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியவள் அங்கே இல்லை, பாளையம்பட்டியில் இருந்தாள். ஹோட்டல்காரர் கொடுத்த நாலு லட்சத்தையும் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் வெள்ளைத்தாய் போன் செய்தாள். "பாய், உங்க பணம் கேட்டுக்கு வெளிய கெடக்கு. ஒரே பவுடரா இருக்கு."

இப்போது இலியாஸ் கடை திறப்பதில்லை. மத்தியானம் ரைஹானா கதவைச் சாத்திவிடுவாள், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று. உள்ளே சுமையா சுற்றுவாள். பேசுவதை விட்டுவிட்டாள். தாவணியின் தோளில் வெள்ளையாக ஐந்து விரல். துவைத்தால் போகும், உலர்வதற்குள் திரும்ப வரும்.

சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அவன் தினமும் மனசுக்குள் போடுகிற கணக்கு ஒன்றுதான். வாங்கினது முப்பதாயிரம், குடுத்தாச்சு. வித்தது நாலு லட்சம், வந்தாச்சு. காலுக்கு மூன்று லட்சத்து எண்பதாயிரம், வாங்க ஆளில்லை. துண்டுக்குள் பேசினது ஆட ஒரு ஜோடி. தன் பங்குக்கு ஆடினது ஒரே சுற்று.

பாக்கி, மகள் ஆடிக்கொண்டிருக்கிறாள்.