எடுக்கக் கூடாத டிஸ்க்

மழைக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் படியேறி ஓடியவள், எதிரே தடதடவென்று இறங்கி வந்தவனைப் பார்க்கவில்லை. அவனும்தான்...

மோதிய வேகத்தில் மிஸ்பாவின் கையிலிருந்த பெட்டி நழுவி, படியில் விழுந்து உருண்டது. காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து சூலூர் வரை ஒரு சொட்டு படாமல் துப்பட்டாவுக்குள் பொத்திக் கொண்டுவந்த புது ஹார்ட் டிஸ்க்!

"பாத்து வரக் கூடாதுங்களா?"

"நீங்கதானுங்க ஓடி வந்தீங்க!"

நிமிர்ந்தாள். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கோபம் இல்லை அந்தக் கண்களில். பயம்... இமைக்கக்கூட மறந்துபோன பயம்.

"டிஸ்க் கம்பெனிங்களா?" குரல் உடைந்தது. "நான் சுஃப்யான். இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சர்வர் என்னோட பொறுப்பு. சீக்கிரம் வாங்க, ப்ளீஸ்..."

ஓட்டமும் நடையுமாகப் போகும்போதே சொன்னான். ஸ்கேன் படங்கள் எல்லாம் அந்த சர்வரின் நான்கு டிஸ்க்குகளில் பிரித்து எழுதப்பட்டவை. ஒன்று செத்தாலும் மீதி மூன்று தாங்கிக்கொள்ளும். சர்வரை நிறுத்தாமலே செத்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். காலையில் ஒன்று செத்தது. உருவினான். உருவிய கணமே படங்கள் அத்தனையும் மறைந்துவிட்டன.

வராந்தாவில் ஒரு பெண்மணி குறுக்கே வந்தாள். "ஏனுங்க தம்பி, எங்க ஊட்டுக்காரரு படம் வந்துருச்சுங்களா?"

"இதோ வந்துரும்ங்கம்மா..." அவளைப் பார்க்காமலே கடந்தான்.

அன்னூர் பங்காரம்மா. அவள் கணவர் வரதராஜுலுவின் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று வீங்கி, வெடிக்கக் காத்திருந்தது. சாயங்காலம் ஆபரேஷன். நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த படம் இந்த சர்வரில் மட்டும்தான் இருந்தது. இன்னொரு முறை அந்த மருந்தை அவருடைய சிறுநீரகம் தாங்காது.

சர்வர் அறைக்குள் போனதும் சுஃப்யான் புது டிஸ்க்கைச் செருகினான். திரையில் ஒரு மாற்றமும் இல்லை.

கதவு திறந்தது. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் விமலாராணி. "என்னாச்சு?"

"புது டிஸ்க்கை... இவங்க கீழ போட்டுபோட்டாங்க மேடம். அதான் எடுக்க மாட்டேங்குது."

மிஸ்பாவின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. மோதினது யாராம்? ஆனால்... உள்ளே உண்மையாகவே உடைந்திருந்தால்? தனியாக வேலைக்கு அனுப்பப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லையே! கோபத்தை பயம் விழுங்கிவிட்டது.

"தியேட்டருக்குக் கொண்டுபோறதுக்குள்ள எனக்குப் படம் வேணும்," என்றுவிட்டு டாக்டர் போய்விட்டார்.

மிஸ்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்துத்தான் பேசினாள். "புது டிஸ்க் கெட்டதாவே இருக்கட்டும். மீதி மூணு போதுமேங்க? படம் எதுக்குப் போகணும்?"

அவன் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"நீங்க உருவினது எங்கீங்க?"

மேசை மேல் கிடந்ததை எடுத்துத் திருப்பினாள். லேபிளில் இருந்த சீரியல் நம்பரைப் படித்தாள். காலையில் செத்ததாக சர்வர் குறித்துவைத்த நம்பரைத் திரையில் தேடினாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். இரண்டும் வேறுவேறு நம்பர்.

"இது செத்த டிஸ்க் இல்லீங்க..."

"ரெண்டாவதுன்னுதானே காட்டுச்சு?"

"ரீஸ்டார்ட் ஆனா, சர்வரை ஓட்டற லினக்ஸ் டிஸ்க்குக பேரை மாத்திக் குடுத்துருமுங்க. பேர்ல ரெண்டாவதா இருக்கறது ரெண்டாவது இடத்துலதான் இருக்கும்னு இல்ல. செத்தது உள்ளயே இருக்குது. உசுரோட இருந்ததை உருவிபோட்டீங்க. இப்ப மிச்சம் ரெண்டுதான்."

அவன் நாற்காலியில் அப்படியே சரிந்தான். "அந்த மனுசனை நான் கொன்னுட்டேங்களா?"

திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. "அதுக்கப்புறம் எதையாச்சும் தொட்டீங்களா? ஃபார்மட் கீர்மட்?"

"இல்லீங்க. எல்லாம் மறைஞ்ச உடனே டிஸ்க்ல எழுதற வேலை அத்தனையும் நிறுத்திபோட்டேன்."

"நல்லவேளை... அப்ப ஒரு வழி இருக்குதுங்க."

"இதுக்கு முந்தி செஞ்சிருக்கீங்களா?"

"ஒருக்கா."

"வந்துச்சுங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். "வரலீங்க."

ஜன்னலில் மழை ஓங்கி அறைந்தது. புது டிஸ்க்கை வெளியே எடுத்து, அவன் உருவிய நல்ல டிஸ்க்கை அதே இடத்தில் மெல்லத் தள்ளினாள். க்ளிக். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லா இணைப்பையும் மறுபடி தேடிப்பார்க்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்... வந்தது! வேறு பெயரில்.

உயிருள்ள மூன்றையும் கட்டாயமாகச் சேர்த்து எழுப்பும் கட்டளையை அடித்தாள். விரலை எண்டர் மேல் வைத்தாள்.

"தப்பாப் போனா?"

"இருக்கறதும் போயிரும்ங்க."

"பிஸ்மில்லா..."

இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. சட்டென்று பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு அருகில் அந்தக் கண்கள்... அவள் அவசரமாகத் திரும்பி எண்டரைத் தட்டினாள்.

வரிசையாக எழுத்துகள் ஓடின. நின்றன. மூன்று டிஸ்க்குகளும் எழுந்துவிட்டிருந்தன!

சுஃப்யான் முதலில் வரதராஜுலுவின் படங்களை வேறொரு கணினிக்கு இழுத்தான். திறந்தான். கறுப்புத் திரையில் ரத்தக்குழாய்கள் மழைக்கால ஓடைகளாகக் கிளை விரித்தன. தியேட்டருக்கு அனுப்பிவிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"இன்னும் முடியலீங்க," என்றாள் மிஸ்பா மெதுவாக. செத்ததை எடுக்க வேண்டும். இம்முறை தவறினால் மற்ற நோயாளிகளின் படங்களை மீட்க வழியில்லை.

நல்ல மூன்றையும் சர்வர் விடாமல் படிக்கும்படி செய்தாள். அவற்றின் விளக்குகள் துடித்தன. ஒன்று மட்டும் இருட்டாகவே கிடந்தது.

"எடுங்க."

"நானா? வேண்டாமுங்க... என் கையே ஆகாது."

"நான் பக்கத்துலயே நிக்கறேனுங்க."

அதை மெல்ல உருவினான். அவள் நம்பரைப் படித்தாள். அதேதான்! அந்த இடத்தில், படியில் உருண்ட புது டிஸ்க்கைச் செருகினார்கள். அதுவாவது உயிரோடு இருக்க வேண்டுமே அல்லாஹ்... திரையில் பெயர் வந்தது. நூற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தகவல் அதில் நிரம்பத் தொடங்கியது. மிஸ்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பினால் அவன் இல்லை. வராந்தாவில் குரல் கேட்டது.

"மேடம், அவங்க மேல தப்பே இல்ல. படியில மோதினது நான். நல்ல டிஸ்க்கை உருவினதும் நான். பயத்துல அவங்க மேல பழி போட்டுபோட்டேன்."

பங்காரம்மா வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபரேஷன் முடியட்டும். உன்கிட்ட அப்புறம் பேசறேன்."

அதன்பின் நாட்கள் போயின. அவன் கூப்பிடவில்லை. அவள் மட்டும் ஏன் கூப்பிட வேண்டும்? பழி போட்டவன் அவன்தானே... ஆனாலும் போன் சிணுங்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். அவனை வேலையை விட்டே தூக்கிவிட்டார்களோ? இதற்கிடையில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. "என்ன பதில் சொல்லட்டும் கண்ணு?" என்று அவளைப் பெற்ற அத்தா தினமும் கேட்டார்.

ஒரு மத்தியானம், நனைந்த சட்டையோடு அவள் அலுவலக வாசலில் வந்து நின்றான் சுஃப்யான்.

"வரதராஜுலு அய்யா நல்லாப் பேசறாருங்க. ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"உங்க வேலை?"

"இருக்குதுங்க. டாக்டரம்மா வெளுத்து வாங்கிட்டாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அதைச் சொல்ல இத்தனை நாளுங்களா?"

"பயமுங்க."

"என்னைப் பாத்தா?"

"இல்லீங்க..." தரையைப் பார்த்தான். "எனக்கு உங்களைப் புடிச்சுப்போச்சுங்க, மிஸ்பா. இதைச் சொல்லி, நீங்க முகத்தைத் திருப்பிட்டா என்ன பண்றதுன்னு பயம். உங்க மேல பழி போட்டவன் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது..."

வெளியே மழை வலுத்தது. அவள் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டின, பிரித்தன.

"எங்க ஊடு கோட்டைமேட்டுல. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு அத்தா ஊட்டுலதான் இருப்பாரு. உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அவன் நிமிர்ந்தான். நம்பாமல் பார்த்தான்.

"அத்தா என்ன சொல்வாரோ, எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது," என்றாள், கண்கள் நிறைய. "ஆனா... வந்துருங்க."