நாற்பதாவது இழுப்பு

சரக், சரக் என்று சின்னவன் சவரக்கத்தியைத் துணிப்பட்டையில் இழுத்துத் தீட்டிக்கொண்டிருந்தான். இது மூன்றாவது தடவை. சவர நாற்காலியில் கண்ணுக்கு மேல் ஈரத்துண்டோடு மல்லாந்திருந்த, ரேடியோ என்று பேர் வாங்கிய பையனின் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு நாலு மணிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

சின்னவன் கையை நிறுத்தினான்.

சரக்.

ஒரே ஒரு இழுப்பு. அவன் கை நின்ற பிறகு.

வெளியே மழை தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. அதன் சத்தம்தான், வேறென்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முன்கை முடியில் கத்தியை வைத்துப் பார்த்தான். காலையில் தொட்டாலே முடி உதிர்த்த கத்தி, இப்போது ஒரு முடியைக்கூட வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"மச்சான், கத்தியைத் தீட்டுறீங்களா, புதுசா ஒண்ணு அடிக்கிறீங்களா? தாடியோட வந்தவன், சடையோடதான் திரும்புவேன் போலிருக்கு."

"சும்மா கிட. பேசினா நுரை வாய்க்குள்ள போயிடும்."

"போகட்டுமே. எங்க அக்கா வைக்கிற குழம்புக்கு இது தேவலை."

ரேடியோ அண்ணியின் தம்பி. வாய் ஓயாததால் அந்தப் பெயர். அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் அந்த வீட்டில் சிரிக்கிறவன் இவன் ஒருவன்தான்.

சின்னவன் மறுபடி துணிப்பட்டையின் கைப்பிடியை இடது கையால் இழுத்துப் பிடித்தான். மேல்நுனி சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்தது. தடித்த லினன் துணி. கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர, அழுத்தாமல் இழுக்க வேண்டும். கோடியில் முதுகின் மேல் புரட்டித் திரும்ப வேண்டும். கூரின் மேல் புரட்டினால் போச்சு. கூர் மடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. மடங்கிய கத்தி தோலில் இடறும், இடறினால் கை தன்னையறியாமல் அழுத்தும், அழுத்துகிற இடம் கழுத்தாக இருந்தால்...

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தான்.

இறந்த அன்றைக்குக் காலையில் நாலு வாடிக்கைக்காரர் முன்னால் அண்ணன் சொன்ன வார்த்தை அப்படி. "நீ கத்தி பிடிக்கிற ஜென்மமே இல்லடா. நாளையிலேருந்து துண்டு துவை." மதியம் கடை காலியானதும், தனக்குச் சவரம் செய்துகொள்ள அண்ணன் தன் கத்தியைத் தீட்டித் தரச் சொன்னார். சின்னவன் தீட்டினான். ஒவ்வொரு கோடியிலும் கூரின் மேல் புரட்டினான். இடறட்டும், கன்னத்தில் ஒரு கீறல் விழட்டும், பெரிய கைதேர்ந்தவரும் நாலு பேர் சிரிக்கிற மாதிரி வெளியே வரட்டும். அவ்வளவுதான் நினைத்தான். சத்தியமாக அவ்வளவுதான்.

"மச்சான், ஒண்ணு கேக்கலாமா?" ரேடியோவின் குரலில் இப்போது சிரிப்பில்லை. "பெரிய மச்சான் விழுந்தப்போ நீங்க வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தீங்கதானே?"

"ஆமா. எத்தனை தடவை சொல்றது?"

"இல்ல, பக்கத்துக் கடை தையல்காரர் என்னமோ சொல்றாரு. செவுத்துக்கு இந்தப் பக்கம் கத்தி தீட்டுற சத்தம் விடாம கேட்டுச்சாம். அப்புறம்தான் நீங்க கத்தினீங்களாம்."

"மழைச் சத்தமா இருக்கும்."

"அன்னிக்கு மழையே இல்லையே மச்சான்."

சின்னவன் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கத்தியை இழுத்தான். சரக். திருப்பினான். சரக். ஸ்பிரிட் நெடிக்கும் சோப்பு வாசனைக்கும் அடியிலிருந்து மெல்ல ஏறி வந்தது இன்னொரு வாசனை. ஈர இரும்பு. கைப்பிடி பிசுபிசுத்தது. வியர்வையா? குனிந்து பார்க்கத் தைரியமில்லை. நேரே பார்த்தால் கண்ணாடி, அதிலும் பார்க்கத் தைரியமில்லை.

"மச்சான்," ரேடியோ மெதுவாகக் கேட்டான், "கீழ யாரு மூச்சு வாங்குறது?"

சின்னவன் இடது கையைச் சட்டென்று விட்டான்.

துணி விழவில்லை.

கொக்கியிலிருந்து தரைப்பக்கமாகச் சாய்ந்து, நரம்பு மாதிரி விறைத்து நின்றது. வலது கை மட்டும் இழுத்தது. அவன் இழுக்கவில்லை. அது இழுத்தது. முதுகு முன்னே. கூர் பின்னே. கோடியில் சுத்தமான புரட்டல். அவனுக்கு ஜென்மத்துக்கும் வராத லாவகம். இழுப்புக்கு இழுப்பு கூர் ஏறியது.

"மச்சான்? விளையாடாதீங்க மச்சான்."

அன்று அவன் பின்கட்டுக்குப் போகவே இல்லை.

இதே இடத்தில்தான் நின்றான். கத்தி இடறிக் கிழித்த கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு சரிந்த அண்ணன், பிடிமானம் தேடி மறு கையால் துணியின் நுனியைப் பற்றினார். "தம்பி" என்றார். அவர் பாரத்தில் துணி விறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தில் அழுத்தியிருக்கலாம். தெருவுக்கு ஓடியிருக்கலாம். சின்னவன் பலகையிலிருந்த இன்னொரு கத்தியை எடுத்தான். "தம்பி" என்பது காதில் விழாமலிருக்க, அண்ணன் பிடித்திருந்த அந்தத் துணியிலேயே தீட்ட ஆரம்பித்தான். நாற்பதாவது இழுப்பில் அண்ணன் பிடி நழுவி, துணி தொய்ந்தது. அதற்குப் பிறகுதான் ஐயோ என்று கத்தினான்.

இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான்.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது.

துணி தொய்யவில்லை.