புகை வராத காலை

நாற்காலியைக் காட்டியும் அந்தப் பெண் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே பேசினாள்.

"மத்தியானம் போலீஸ் அவரைக் கூட்டிட்டுப் போயிடுமாம்மா. என் வீட்டுக்காரர் ஒரு எறும்பைக்கூட இடிச்சதில்ல."

துப்பறிவாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தனோ அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். "கிளம்பலாமா அண்ணி?"

முந்தைய நாள் விடிவதற்குச் சற்று முன்பு, வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிய ஒரு நர்ஸை, பச்சை லாரி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவள் கால் முறிந்து கிடக்கிறாள். அந்த ஊரில் பச்சை லாரிகள் மூன்றுதான். மூன்றும் ஒரே கொட்டகையில் நிற்பவை, மூன்றும் ஏற்கெனவே நசுங்கியவை. கொட்டகைச் சாவி இந்தப் பெண்ணின் கணவருடைய பொறுப்பு. எல்லாரும் அறிய அது வாசல் ஆணியில்தான் தொங்கும். போதாததற்கு, விடியலில் அவர் வண்டி இடத்தில் இல்லை என்று இன்னொரு டிரைவர் சொல்லியிருந்தார்.

அந்த டிரைவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். மூன்றாமவர் மீசை.

"மீசையை எடுத்திருக்கார், பாருங்க அண்ணி! அடையாளத்தை மறைக்கத்தான்!" என்று கொட்டகை வாசலில் கொழுந்தன் கிசுகிசுத்தான்.

"அதை எடுத்து வருஷக்கணக்காச்சு, தம்பி. பேர் மட்டும் மிச்சம்" என்றார் மீசை, சத்தமாகவே.

பாட்டுக்காரர் கைகட்டி நின்றார். "நேத்து விடிஞ்சப்புறம்தாம்மா நான் வண்டியைத் தொட்டேன். எஞ்சின் ஐஸ் மாதிரி கிடந்துச்சு."

துப்பறிவாளர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணோடு கொட்டகையை ஒட்டிய ரொட்டிக்கடைக்குப் போனார்.

"குளிர்ல இந்தக் கிழட்டு எஞ்சினுங்க வெள்ளைப் புகையாக் கக்கும்" என்றாள் கடைக்காரி, மாவைப் பிசைந்தபடி. "எரியாத டீசல். அந்த நாத்தம் மாவுல ஏறிச்சுன்னா ரொட்டியை நாய்கூட மோந்து பாக்காது. அதான் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது 'புகை'ன்னு கத்தணும்னு சண்டை போட்டு வெச்சிருக்கேன். உடனே ஜன்னலைச் சாத்திடுவேன்."

"ஓடி வந்த வண்டிக்கு?"

"சூடான எஞ்சின்தான் புகையாதே. அதுக்கு எதுக்குக் கத்தணும்?"

"நேத்து யாரெல்லாம் கத்தினாங்க?"

"இவ வீட்டுக்காரர் கத்தினார். அவர் விட்ட புகையில என் பூனையே கண்ணுக்குத் தெரியல. அப்புறம் மீசை. பாட்டுக்காரர் ராகம் போட்டுப் பாடுவார், அவர் வண்டிதான் என் ஜன்னலுக்கு நேரா…" அவள் கை மாவிலேயே நின்றது. "பாட்டு கேக்கலையே. அவர் கிளம்பினப்போ ஜன்னலும் திறந்துதான் கிடந்துச்சு."

"ரொட்டி?"

"ஒண்ணுகூட மிஞ்சல, எல்லாம் வித்துப்போச்சு."

துப்பறிவாளர் டிரைவர்கள் மூவரையும் அழைத்தார். "இந்தம்மா வீட்டுக்காரர் வண்டி புகைஞ்சிருக்கு. அது குளிர்ந்துதான் கிடந்திருக்கு, இடத்துலதான் நின்னிருக்கு." பிறகு திரும்பினார். "நேத்து நீங்க ஏன் பாடல?"

பாட்டுக்காரர் சிரிக்க முயன்றார். "மறந்துட்டேம்மா."

"மறந்திருந்தா ரொட்டி நாறியிருக்கும். உங்க வண்டி புகையவே இல்ல. அது சூடா இருந்திருக்கு."

"அப்போ… அப்போ எவனோ சாவியை எடுத்து என் வண்டியை ஓட்டியிருக்கான்!"

"அப்படின்னா எஞ்சின் குளிர்ந்திருக்கும்னு நினைச்சு, வழக்கம்போலப் பாடியிருப்பீங்க. பாட வேண்டாம்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

தன்னை அறியாமல் கொழுந்தன் வாசலை மறைத்து நின்றான். அது தேவைப்படவில்லை. பாட்டுக்காரரின் கட்டிய கைகள் மெல்ல அவிழ்ந்தன.

"தங்கச்சி வீட்டுச் சாமானை ஏத்தி இறக்கிட்டு வந்தேன். பனியில தெரியல. அந்த நர்ஸ் பொண்ணு எந்திரிச்சிடும்னு நினைச்சேன்."

அந்தப் பெண் நடப்பதை நிறுத்தினாள். "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குத் தைரியம் சொன்னீங்களே, அண்ணே."

பிறகு, அங்கே கிடந்த டயர் ஒன்றின்மேல் முதல் முறையாக உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. பாட்டுக்காரரின் வண்டியை ஓட்ட அவள் கணவரே ஏறினார். சாவியைத் திருகும் முன் வெளியே தலையை நீட்டி, ராகமில்லாத குரலில், "புகை!" என்று கத்தினார்.

ரொட்டிக்கடை ஜன்னல் மூட வெகுநேரமாயிற்று. கடைக்காரி பாட்டுக்காகக் காத்திருந்தாள்.